ஸ்கேனுக்கும் ஆபரேஷனுக்கும் நடுவில் காப்பீட்டு அட்டை

கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைப் பக்கம் ரப்பர் பால் வெட்டும் அண்ணன் ஒருவருக்கு வயிற்று ஸ்கேனில் மகாதமனி வீக்கம் தெரிந்தது. இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாய் வயிற்றுப் பகுதியில் பலூன் மாதிரி உப்பியிருந்தது. அகலம் 4.8 செ.மீ. "இப்போது ஆபரேஷன் வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்றார் டாக்டர். அண்ணன் காதில் முதல் பாதிதான் விழுந்தது. ஒன்றரை வருடம் கழித்துப் போனபோது 5.6. அன்றைக்குத்தான் வீட்டில் காப்பீட்டு அட்டையைத் தேடினார்கள். அட்டையே எடுத்திருக்கவில்லை.

பொதுவாக ஆண்களுக்கு 5.5, பெண்களுக்கு 5 செ.மீ. எட்டினாலோ, வேகமாக வளர்ந்தாலோ ஆபரேஷன் பேச்சு வரும். அதுவரை ஸ்கேன் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காகித வேலையை முடிக்க வேண்டிய காலமும் அதுதான். வெடித்தால் அவசரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். வெடித்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்பதில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். திட்டத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

சிக்கல் ரேஷன் கார்டில் ஆரம்பிக்கும். நோயாளியின் பெயர் அதில் இருக்க வேண்டும். அண்ணன் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் வேறு மாதிரி. திருத்தி வரச் சொன்னார்கள். வருமானச் சான்றுக்குப் போனால் வி.ஏ.ஓ. கேம்ப். மறுநாளும் கேம்ப். எந்த ஊரில்தான் அப்படி என்ன கேம்ப் நடக்கிறதோ! சான்று கிடைத்த பிறகு அட்டைக்கு நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ். பால் வெட்டுக்காரனுக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி.

அடுத்தது எல்லை. நமக்கு நாகர்கோவிலைவிடத் திருவனந்தபுரம்தான் வசதி. ஆனால் தமிழ்நாட்டு அட்டை கேரளத்தில் எல்லோருக்கும் செல்லாது. பிரதமரின் ஆயுஷ்மான் திட்டப் பட்டியலில் இருக்கும் குடும்பங்களுக்குத்தான் வெளிமாநிலத்தில் வழியுண்டு. அதுவும் நீங்கள் போகும் ஆஸ்பத்திரி திட்டத்தின் ஆஸ்பத்திரிப் பட்டியலில் இருந்தால். பெட்டியோடு போய் இறங்குவதற்கு முன் அட்டை எண்ணைக் காப்பீட்டு கவுண்டரில் கொடுத்துக் கேளுங்கள்.

பட்டியலில் ஆஸ்பத்திரி பெயர் இருந்தாலும் எல்லா ஆபரேஷனுக்கும் அது பொருந்தாது. "ரத்தக்குழாய் அறுவைக்கு உண்டா? வயிற்றைத் திறந்து செய்வதா, தொடை வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட், அதாவது துணி போர்த்திய கம்பிவலைக் குழாய், வைப்பதா? இரண்டில் எதற்கு எவ்வளவு அனுமதி?" என்று கேளுங்கள். ஸ்டென்ட் கிராஃப்ட் விலை லட்சக்கணக்கில் போகும். "மீதியை நீங்கள் கட்டுங்கள்" என்பது கடைசி நாளில்தான் வரும். அப்படிக் கேட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள், ரசீது இல்லாமல் பணம் தராதீர்கள், திட்டத்தின் இலவச உதவி எண் 1800 425 3993க்குப் பேசுங்கள். காப்பீட்டுத் திட்டத்தின் முன் அனுமதி வராமல் கையிலிருந்து கட்டிவிட்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள்.

அட்டை கிடைத்துவிட்டதே என்று ஆபரேஷனுக்குத் தலையாட்டவும் வேண்டாம். வயது, இதயம், சிறுநீரகம் எல்லாம் பார்த்து, செய்தால் என்ன ஆபத்து, செய்யாவிட்டால் என்ன ஆபத்து என்று டாக்டரிடமே கேளுங்கள். ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்தால் பிறகும் ஆயுசுக்கும் ஸ்கேன் உண்டு. அந்தச் செலவு யார் தலையில் என்பதையும் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.