300 எம்பிபிஎஸ் வாங்கியும் வீடியோ கால் ஏன் நிற்கிறது?

கும்பகோணம், மன்னார்குடி பக்கமெல்லாம் இப்போது கேபிள்காரரே ஃபைபர் இழுத்துக் கொடுக்கிறார். முன்பு இரண்டு போன் மட்டும் ஓடிய வீட்டில் இன்று வாசல், கொல்லை, களம் என்று கேமராக்கள், கூடத்தில் டிவி, மாடியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பிள்ளை, ராத்திரியானால் சிங்கப்பூரிலிருந்து வீடியோ கால். திட்டத்தை 100-லிருந்து 300 எம்பிபிஎஸ் ஆக்கியும் பேச்சு நடுவில் அறுந்தால் நெட்காரரைத்தான் திட்டுகிறோம். ஆனால் கோளாறு பல வீடுகளில் ரவுட்டருக்குள் ஓடும் ஃபயர்வாலில், அதாவது வருவதையும் போவதையும் சோதிக்கும் காவலில் இருக்கிறது.

இணையத்தில் எல்லாமே பாக்கெட் என்ற சிறு துண்டுகளாகத்தான் போய்வருகிறது. ஃபயர்வாலுக்கு வேலை அந்தப் பாக்கெட் கணக்கில்தான் வருகிறது. பெரிய பாக்கெட் ஒன்று 1,500 பைட். 1 ஜிபிபிஎஸ் (1,000 எம்பிபிஎஸ்) வேகத்தில் அப்படி நொடிக்குச் சுமார் 81,000 வரும். ஒவ்வொன்றையும் பார்த்து முடிவெடுக்க 12 மைக்ரோ நொடி கிடைக்கும். அதே வேகத்தில் மிகச் சிறிய பாக்கெட்டாக வந்தால் நொடிக்கு 14.88 லட்சம். ஒன்றுக்கு 0.7 மைக்ரோ நொடிகூட இல்லை. பெட்டியின் மேல் அச்சிட்ட வேகம் பெரும்பாலும் பெரிய பாக்கெட்டை வைத்து அளந்தது. குரல் அழைப்பும் ஆன்லைன் விளையாட்டும் அனுப்புவதோ சின்னச் சின்னப் பாக்கெட்.

ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஐந்து விஷயங்களை அது பார்க்கிறது: அனுப்பியவர் முகவரி, பெறுபவர் முகவரி, இருவரின் போர்ட் எண்கள் (எந்தச் செயலிக்கானது என்று காட்டும் எண்), டிசிபியா யுடிபியா என்ற அனுப்பும் முறையின் வகை. வீட்டுக்குள்ளிருந்து ஒரு போன் வெளியே தொடர்புகொண்டால் இந்த ஐந்தும் நினைவகத்தில் ஓர் அட்டவணையில் பதிவாகும். வெளியிலிருந்து வரும் பாக்கெட் ஏற்கெனவே உள்ள பதிவோடு பொருந்தினால் உள்ளே விடும், பொருந்தாவிட்டால் கீழே போட்டுவிடும். வீட்டு ஃபயர்வால் தரும் பாதுகாப்பில் பெரும்பங்கு இதுதான்.

அட்டவணைக்கு எல்லை உண்டு. லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் ரவுட்டரில், முறையாக முடித்துக்கொள்ளாத ஒரு டிசிபி தொடர்பின் பதிவை அப்படியே விட்டால் 5 நாள் வரை வைத்திருக்கும். அட்டவணை நிரம்பினால் பழைய தொடர்புகள் ஓடிக்கொண்டே இருக்கும், புதிதாக எதுவும் திறக்காது. டிவியில் படம் நன்றாக ஓடுகிறது, போனில் மட்டும் புதுப் பக்கம் வரவில்லை, ரவுட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிறது என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். நினைவகம் இருந்தால் எல்லையைக் கூட்டலாம்; ஒரு பதிவுக்குச் சில நூறு பைட்தான் தேவை.

ரவுட்டரின் பிராசசர் இந்த வேலைக்குத் தாங்குகிறதா என்று சோதிக்க நல்ல வழி ஒன்று உண்டு. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் போட்ட ரவுட்டரில், பிராசசரின் சுமையைக் காட்டும் டாப் கட்டளையை ஓடவிட்டு, ஒயர் போட்ட கணினியிலிருந்து ஸ்பீட் டெஸ்ட் எடுங்கள். பாக்கெட் வேலைக்குச் செலவாகும் நேரத்தைக் காட்டும் எஸ்ஐஆர்க்யூ என்ற எண் மளமளவென்று ஏறி, பிராசசரின் உட்பிரிவான 'கோர்' ஒன்றை முழுதாகத் தின்றுவிட்டால், உங்கள் இணைப்பைவிடப் பெட்டி மெதுவானது. ஃப்ளோ ஆஃப்லோட் இதற்கு ஒரு மருந்து. லினக்ஸில் 2018-இல் வந்தது. தொடர்பின் முதல் சில பாக்கெட்டை மட்டும் முழுதாகச் சோதித்து, மீதியைக் குறுக்கு வழியில் அனுப்பிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் கால் அறுந்தால் காரணம் வரிசை. கேமராக்கள் காட்சியை கிளவுடுக்கு ஏற்றும்போது அப்லோடு வரிசை நீள்கிறது, குரல் பாக்கெட் அதன் வாலில் மாட்டுகிறது. கணினி வலையமைப்பு ஆய்வாளர்கள் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் கொடுத்த கோடெல் முறை வரிசையின் நீளத்தைப் பார்ப்பதில்லை, பாக்கெட் காத்திருந்த நேரத்தைப் பார்க்கிறது. 100 மில்லி நொடி முழுக்கக் காத்திருப்பு 5 மில்லி நொடிக்குக் கீழே இறங்கவே இல்லையென்றால் பாக்கெட்டைக் கைவிடத் தொடங்கும். அனுப்புபவர் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். எஃப்க்யூ-கோடெல் இன்னும் ஒரு படி மேலே போய்த் தொடர்புகளைத் தனித்தனி வரிசையில் பிரிக்கிறது. நம் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதுபோல, தலைமடையே வாரிக்கொள்ளாமல் கடைமடைக்கும் பங்கு போகிறது. இதற்கு ரவுட்டரில் வேகத்தை இணைப்பின் 90 முதல் 95 சதவீதத்தில் நிறுத்த வேண்டும். அப்போதுதான் வரிசை நெட்காரரின் பெட்டியில் சேராமல் நம் பெட்டியில் சேரும். ஒரு சிக்கல்: சிப்பே செய்யும் ஆஃப்லோட் இந்த வரிசையைத் தாண்டிப் போய்விடும், இரண்டையும் சேர்த்து வைக்க முடியாது.

என் கருத்தில் 100 எம்பிபிஎஸ் வீட்டுக்கு ஓரளவு நல்ல ரவுட்டரும் இந்த வரிசை ஏற்பாடும் போதும். 500-க்கு மேல் போய், வரிசை ஏற்பாடும் விபிஎன்னும் (மறையாக்கம் செய்த தனி இணைப்பு) வேண்டுமென்றால் சின்ன கணினி ஒன்றை ஃபயர்வாலாக்குவதுதான் நல்லது. இன்டெல் என்100 சிப்பில் 4 கோர். அதன் வெப்ப அளவு 6 வாட்தான். ஒயர் செருகும் இரண்டு ஈதர்நெட் போர்ட் இருக்கும் மாடலில் ஓபிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருள் போட்டால் அழகாக ஓடும். பாக்கெட்டின் உள்ளே இருப்பதையும் பார்க்கும் சுரிகாட்டா போன்ற சோதனை மென்பொருள் பிராசசரை நிறையத் தின்னும். இன்று பெரும்பாலான போக்குவரத்து மறையாக்கம் ஆனதால் அதற்குத் தெரிவதும் குறைவு. அந்தச் சக்தியைவிட, கேமராக்களைத் தனி விலேனில் (ஒரே பெட்டிக்குள் பிரித்த தனி வலையமைப்பு) போட்டு வீட்டுக் கணினிகளைத் தொடவிடாமல் தடுப்பது பலமடங்கு பயன் தரும்.

அப்புறம், ஐப்பசி கார்த்திகை இடி. களத்துக் கேமராவுக்கு வெட்டவெளியில் செம்பு ஒயர் போயிருந்தால் மின்னல் அதிர்ச்சி அதன் வழியே நேராகப் புதுப் பெட்டிக்கு வந்துவிடும். அந்தத் தூரத்தை மட்டும் உலோகக் கம்பி இல்லாத ஃபைபரில் போட்டு, இரண்டு முனையிலும் ஃபைபரையும் செம்பு ஒயரையும் இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் வையுங்கள்.