பெங்களூருக்கு ஏறும் முன்: டைவ் கம்ப்யூட்டர் கணக்கில் விட்டுப்போவது

ஸ்கூபா கற்றுக்கொண்ட பெங்களூர்க்காரர்கள் பலர் வெள்ளி இரவு பஸ் ஏறிப் புதுச்சேரிக்கோ கர்நாடகக் கடலோரத்து முருதேஸ்வரத்துக்கோ போகிறார்கள். இரண்டு நாள் டைவ் அடித்துவிட்டு ஞாயிறு சாயங்காலமே திரும்பக் கிளம்பிவிடுகிறார்கள். கையில் டைவ் கம்ப்யூட்டர், அதாவது இன்னும் எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டும் கருவி இருக்கிறது, தண்ணீருக்குள் அது ஒரு தடவைகூடக் கத்தவில்லை என்பதே அவர்களுக்குத் தைரியம். கடலுக்குள் அது போடும் கணக்கைப் பெரும்பாலும் நம்பலாம். ஆனால் பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதும், இன்று ராத்திரியே நீங்கள் அங்கே ஏறப்போவதும் அதற்குத் தெரியாது.

அந்தக் கருவி அளப்பது சுற்றியுள்ள அழுத்தத்தையும் நேரத்தையும்தான். சிலிண்டரில் என்ன வாயு நிரம்பியிருக்கிறது என்பதை நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். கடலில் 10 மீட்டருக்கு ஒரு பார் வீதம் அழுத்தம் கூடும். 18 மீட்டர் ஆழத்தில் மொத்தம் 2.8 பார், அதில் நைட்ரஜனின் பங்கு சுமார் 2.2 பார். கரையில் அதே பங்கு 0.79 பார்தான். இந்த வித்தியாசம்தான் நைட்ரஜனை ரத்தத்துக்கும் திசுக்களுக்கும் தள்ளுகிறது. அழுத்தம் வேகமாகக் குறைந்தால் அது உடலுக்குள்ளேயே குமிழாகலாம், ஆபத்து அதுதான்.

உள்ளே எவ்வளவு போயிற்று என்பதை எந்தக் கம்ப்யூட்டரும் அளப்பதில்லை, ஊகிக்கிறது. 1908-ல் உடலியல் ஆய்வாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன் உடலை ஐந்து கற்பனைப் பகுதிகளாகப் பிரித்துக் கணக்குப் போட்டார். இன்று பல கருவிகளில் ஓடும் பூல்மன் என்ற கணக்கு மாதிரியில் 16 பகுதிகள். உளுந்து இரண்டு மணி நேரத்தில் ஊறிவிடும், கொண்டைக்கடலைக்கு ஒரு ராத்திரி வேண்டும், திசுக்களும் அப்படித்தான். ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அரைநேரம் உண்டு, அதாவது பாதி நிரம்ப ஆகும் நேரம். அது சில நிமிடங்களில் தொடங்கி 635 நிமிடம் வரை போகிறது. 18 மீட்டரில் 40 நிமிடம் இருந்தால் 5 நிமிடப் பகுதி முழுக்க நிரம்பிவிடும். 635 நிமிடப் பகுதி வெறும் 4 சதவீதம்தான் வாங்கியிருக்கும். காலியாவதும் இதே வேகத்தில்தான். ஆறு அரைநேரம் கழிந்தால் 98 சதவீதம் வெளியேறும். அந்தக் கணக்கில் 5 நிமிடப் பகுதிக்கு அரை மணி போதும், 77 நிமிடப் பகுதிக்கு ஏறக்குறைய 8 மணி நேரம் ஆகும். நாள்தோறும் டைவ் செய்யும்போது மெதுவான பகுதிகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகும்.

திரையில் ஆழத்துக்குப் பக்கத்தில் தெரியும் நிமிடக் கணக்குதான் என்டிஎல். படிநிறுத்தம் (சேர்ந்த நைட்ரஜன் வெளியேற வழியில் நின்று நின்று ஏறுவது) இல்லாமல் நேராக மேலே வர இன்னும் எத்தனை நிமிடம் பாக்கி என்று அது சொல்கிறது. டைவிங் பயிற்சி அமைப்பான பேடியின் (PADI) அட்டவணையில் முதல் டைவுக்கு 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம். கருவிகள் மாடலுக்கு மாடல் வேறுபடும். ஒரே படகில் இரண்டு பேர் கையில் இரண்டு எண் தெரிந்தால் குறைந்ததைப் பின்பற்றுங்கள். எண் பூஜ்யம் தொடும்வரை கீழே இருப்பது புத்திசாலித்தனம் அல்ல. 5 நிமிடம் மிச்சம் இருக்கும்போதே ஆழத்தைக் குறைத்துவிட வேண்டும். தவறிப்போய்ப் பூஜ்யமாகிவிட்டால், எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்று கருவி காட்டும். அந்த ஆழத்துக்கு மேலே ஏறாமல், சொன்ன நேரம் முழுக்க நிற்க வேண்டும். மீறினால் பல மாடல்கள் 24 அல்லது 48 மணி நேரம் பூட்டிக்கொள்ளும்.

வாடகைக் கருவியில்தான் பிழைகள் அதிகம் ஒளிந்திருக்கும். முதலில் வாயு அமைப்பைப் பாருங்கள். முந்தைய ஆள் 32 சதவீத நைட்ராக்ஸில் (32 சதவீதம் ஆக்ஸிஜன் உள்ள, நைட்ரஜன் குறைந்த கலவை) வைத்துவிட்டுப் போயிருக்கலாம். உங்கள் சிலிண்டரிலோ சாதாரணக் காற்று. நீங்கள் 30 மீட்டரில் இருக்கும்போது கருவி ஏறக்குறைய 24 மீட்டரில் காற்று சுவாசிக்கும் ஒருவருக்கான நைட்ரஜனைத்தான் கணக்கில் எடுக்கும். பேடி அட்டவணையில் 25 மீட்டருக்கே 29 நிமிடம் உண்டு, 30 மீட்டருக்கு 20. இல்லாத ஒன்பது நிமிடத்தைக் கருவி உங்களுக்குத் தாராளமாகத் தந்துவிடும். தலைகீழாக, நைட்ராக்ஸ் சுவாசித்துக்கொண்டு கருவியைக் காற்றில் வைத்திருந்தால் ஆக்ஸிஜன் வரம்பு, அதாவது அதற்கு மேல் ஆக்ஸிஜனின் அழுத்தமே ஆபத்தாகும் அளவு, கண்ணில் படாது. 32 சதவீதக் கலவைக்கு 1.4 பார் வரம்பு 33 மீட்டரிலேயே வந்துவிடும்.

அடுத்து மீட்டரா அடியா, உப்புத்தண்ணீரா நல்லதண்ணீரா என்று பாருங்கள். காலையில் முந்தைய ஆளின் டைவ் அதில் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு கருவி ஒரே ஆளுக்குத்தான். முதல் டைவை ஒன்றோடும் இரண்டாவதை வேறொன்றோடும் செய்தால் கணக்கே அறுந்துபோகும். நண்பரின் கருவியைப் பார்த்துக்கொண்டு போவதும் கூடாது. அவர் உங்களைவிட இரண்டு மீட்டர் மேலே இருந்திருக்கலாம். இரண்டு டைவுக்கு நடுவே பேட்டரியைக் கழற்றினால் சில மாடல்களில் மிச்ச நைட்ரஜன் கணக்கு அழிந்துவிடும். அதனால் பேட்டரியைக் கிளம்பும் முன்பே, தண்ணீர் புகாமல் தடுக்கும் ஓ-ரிங் வளையத்தையும் பார்த்து, மாற்றிவிடுங்கள். கருவியைப் படகிலேயே ஆன் செய்துகொண்டு இறங்குங்கள். தூங்காமல் பஸ்ஸில் வந்திருந்தால், தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை என்றால், கருவியின் அமைப்பில் பாதுகாப்பு அளவை ஒரு படி கூட்டி வையுங்கள். உங்கள் களைப்பை அளக்கும் சென்சார் எதுவும் அதில் இல்லை.

இடது கையில் கட்டுவது வசதி. மேலே வரும்போது காற்றை வெளியேற்றும் இன்ஃபிளேட்டர் குழாயை அந்தக் கைதான் உயர்த்திப் பிடிக்கும், திரை கண்ணெதிரே இருக்கும். வெட்சூட் ஆழத்தில் அமுங்கி மெலிந்துவிடுவதால் கீழே போனதும் பட்டையை ஒரு துளை இறுக்குங்கள். ஏறும் வேகம் நிமிடத்துக்கு 9 அல்லது 10 மீட்டரைத் தாண்டக் கூடாது. மிகவும் கவனிக்க வேண்டியது கடைசி 10 மீட்டர். அங்கேதான் அழுத்தம் 2 பாரிலிருந்து 1 பாராகப் பாதியாகிறது. 5 மீட்டரில் 3 நிமிடம் சேஃப்டி ஸ்டாப் முடித்துவிட்டுச் சடாரென்று மேலே பாய்கிறவர்கள் அந்த நிறுத்தத்தின் பலனையே கெடுத்துக்கொள்கிறார்கள். மிச்ச 5 மீட்டருக்கும் அரை நிமிடத்துக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் திரை அணைந்துபோனால் டைவ் முடிந்தது. நிதானமாக 5 மீட்டருக்கு வந்து, காற்று அனுமதிக்கும் அளவு நின்று, வெளியே வந்து, 24 மணி நேரம் தண்ணீருக்குள் இறங்காதீர்கள்.

இனி ஞாயிற்றுக்கிழமை. கடலோரத்தில் காற்றழுத்தம் சுமார் 1013 மில்லிபார், பெங்களூரில் 910-ஐ ஒட்டி. கரையில் சாதாரணமாகத் தாங்கும் நைட்ரஜன் மிச்சம், சுற்றியுள்ள அழுத்தம் பத்து சதவீதம் குறைந்ததும் குமிழாகலாம். புதுச்சேரியிலிருந்து திருவண்ணாமலை வரை சாலை தாழ்வாகவே போகும். கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் வருவதற்குள் 900 மீட்டரை நெருங்கிவிடும். முருதேஸ்வரத்திலிருந்து வருகிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம். ஹொன்னாவரைத் தாண்டியதுமே மலைத்தொடர் தொடங்கி, சாகரா போவதற்குள் 500 மீட்டருக்கு மேல் ஏறிவிடும்.

டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் 2002-ல் கூட்டிய பட்டறையின் பரிந்துரைகள் விமானப் பயணத்துக்காக எழுதப்பட்டவை. ஆனால் அவை பேசும் உயரம் 2,000 அடி முதல் 8,000 அடி வரை. பெங்களூர் சுமார் 3,000 அடி. காரில் ஏறினாலும் விமானத்தில் ஏறினாலும் உடலுக்கு ஒன்றுதான். படிநிறுத்தம் தேவைப்படாத ஒரே ஒரு டைவ் என்றால், ஏறும் முன் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பல டைவ், பல நாள் என்றால் 18 மணி நேரம். படிநிறுத்தம் தேவைப்பட்ட டைவ் என்றால் 18 மணி நேரத்துக்கும் கணிசமாக அதிகம். கருவியில் தெரியும் நோ-ஃபிளை நேரம் (விமானம் ஏறக் கூடாத நேரம்) சில மாடல்களில் கணக்குப் போட்டது, சிலவற்றில் எப்போதும் 24-லிருந்து இறங்குவது. அதிலும் பரிந்துரையிலும் எது நீளமோ அதுவே உங்களுக்கு.

நடைமுறையில், சனிக்கிழமை இரண்டு டைவ் முடித்து மதியம் 1 மணிக்கு வெளியே வந்தால் ஞாயிறு காலை 7 மணிக்கு 18 மணி நேரம் முடிகிறது. கருவியின் நோ-ஃபிளை நேரமும் முடிந்திருந்தால் டிபன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். ஞாயிறும் டைவ் செய்து 11 மணிக்கு வெளியே வந்தால் குறைந்தது திங்கள் காலை 5 மணி வரை கடலோரத்திலேயே இருக்க வேண்டும். லீவு கிடைக்காது என்றால் ஞாயிறு டைவை விட்டுவிடுவதுதான் வழி.

திரும்பும் வழியில் தோளிலோ முழங்கையிலோ காரணமில்லாத வலி, மரத்துப்போதல், தோலில் திட்டு, தலைசுற்றல், அளவுமீறிய அசதி வந்தால் உட்கார்ந்தே வந்த வலி என்று ஒதுக்காதீர்கள். அங்கேயே நிறுத்துங்கள், மேலே ஏறாதீர்கள். தூய ஆக்ஸிஜன் கொடுக்கக்கூடிய ஆஸ்பத்திரிக்குப் போய், எத்தனை மணிக்கு டைவ் செய்தீர்கள் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். டைவ் கம்ப்யூட்டரையும் கையோடு எடுத்துப் போங்கள். ஆழமும் நேரமும் அதன் பதிவேட்டில் இருக்கும். டாக்டர் பார்க்கும்வரை பேட்டரியைத் தொடாதீர்கள்.