ஹெரிட்டபிலிட்டி: தமிழில் என்ன சொல்லலாம்?

'அறிவுத்திறனில் 50 சதவீதம் மரபணுவிலிருந்து வருகிறது' என்ற வரியை எங்காவது படித்திருப்பீர்கள். படித்ததும் மனசு உடனே கூறு போட்டுவிடுகிறது: என் அறிவில் பாதி அப்பா அம்மா கொடுத்தது, மீதிப் பாதி நான் படித்துச் சேர்த்தது. ஆய்வாளர்கள் சொல்ல வந்தது இது இல்லவே இல்லை. அந்த 50 சதவீதத்துக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் ஹெரிட்டபிலிட்டி, கோளாறெல்லாம் அந்த ஒரு சொல்லைப் புரிந்துகொள்வதில்தான்.

லத்தீனில் 'ஹெரெஸ்' என்றால் வாரிசு. அந்த வேரிலிருந்து வந்ததால், வீடும் நிலமும் கைமாறுவதுபோல் குணமும் கைமாறும் என்ற எண்ணம் இந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. ஆனால் 1930, 40-களில் ஜே லஷ் என்ற அமெரிக்கக் கால்நடை இனவிருத்தி ஆய்வாளர் இதைப் பரவலாக்கியபோது இது ஒரு கணக்கின் பெயர். ஒரு மந்தையில் ஒரு மாடு அதிகம் கறக்கிறது, இன்னொன்று குறைவாகக் கறக்கிறது, இந்த வித்தியாசத்தில் எவ்வளவு பங்கு மரபணு வித்தியாசத்தால் வந்தது, எவ்வளவு தீவனத்தாலும் பராமரிப்பாலும் வந்தது என்பதுதான் கேள்வி. ஒற்றை மாட்டை மட்டும் கட்டிவைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போடவே முடியாது.

கைவிரலைப் பாருங்கள். கைக்கு ஐந்து விரல் அமைவது மரபணுவின் வேலை. ஆனால் ஆளுக்கு ஆள் விரல் எண்ணிக்கை மாறுவது பெரும்பாலும் விபத்தால். அதனால் விரல் எண்ணிக்கையின் ஹெரிட்டபிலிட்டி கிட்டத்தட்ட பூஜ்யம்!

அறிவுத்திறனில், இரட்டையர் ஆய்வுகளின்படி இது சிறுவயதில் சுமார் 40 சதவீதம், பெரியவர்களிடம் 60 சதவீதமும் அதற்கு மேலும். வயது ஏற ஏறச் சூழலின் பங்குதான் கூடும் என்று நினைப்போம், நடப்பது தலைகீழ். வளர்ந்த பிறகு தன் இயல்புக்கு ஏற்ற சூழலை அவரவரே தேடிக்கொள்வது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அப்புறம், 'அறிவு மரபணு' என்று தனியாக ஒன்று கிடையாது. படித்த ஆண்டுகளின் எண்ணிக்கையை வைத்து 11 லட்சம் பேரிடம் செய்து 2018-ல் வெளியான ஆய்வில் அதோடு தொடர்புள்ள 1,271 டி.என்.ஏ. இடங்கள் அகப்பட்டன. ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறியது.

இரண்டு குழுக்களை ஒப்பிடும்போதுதான் இந்தச் சொல் பெரிய தவறுக்கு இடம் கொடுக்கிறது. ரிச்சர்ட் லெவொன்டின் என்ற மரபியலாளர் 1970-ல் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு தந்தார். பலவகை விதைகள் கலந்த ஒரே மூட்டையிலிருந்து இரண்டு கை அள்ளி, ஒன்றைச் சத்துள்ள மண்ணிலும் மற்றதைச் சத்தில்லாத மண்ணிலும் விதையுங்கள். ஒரே மண்ணில் பக்கத்துப் பக்கத்துச் செடிகள் உயரத்தில் மாறுபட்டால் அது விதையால். ஒரு பாத்தியின் சராசரி மற்றதைவிடக் குட்டையாக இருந்தால் அது முழுக்க மண்ணால். ஒரு பாத்திக்குள் கிடைத்த ஹெரிட்டபிலிட்டியை வைத்து இரண்டு பாத்திகளுக்கு இடையிலான வித்தியாசத்தைப் பேசக் கூடாது. எத்தனையோ மக்களை 'பிறப்பிலேயே மட்டம்' என்று சொல்ல இந்தக் குழப்பம் பயன்பட்டிருக்கிறது, அதனால்தான் சொல்லில் இவ்வளவு கறாராக இருக்க வேண்டியிருக்கிறது.

சரி, தமிழுக்கு வருவோம். ஜீனுக்கு மரபணு நிலைத்துவிட்டது. இலங்கையில் பரம்பரை அலகு என்பார்கள், அணு என்றதும் தோன்றும் துகள் எண்ணம் அதில் இல்லை என்பதால் எனக்கு அது ஒரு படி மேல். இன்டெலிஜென்ஸுக்கு நுண்ணறிவு.

மரபு என்ற சொல்லில்தான் சிக்கல். தொல்காப்பியத்தின் மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை என்று இளமைப் பெயர்களோடு தொடங்குகிறது. அங்கே மரபு என்பது வழிவழியாக வந்த சொல்வழக்கு, பழகிக் கற்றுக்கொள்வது. இன்று அதே 'மரபியல்' ஜெனட்டிக்ஸின் பெயர். பெற்றோர் கொடுக்கும் மரபணுவும் மரபு, அவர்கள் வீட்டில் பேசும் மொழியும் மரபு. எதைப் பிரித்துக் காட்ட இந்தக் கணக்கைப் போடுகிறோமோ அது இரண்டையும் மரபு என்ற சொல் ஒன்றாக்கிவிடுகிறது. அதனால் ஹெரிட்டபிலிட்டியை 'மரபுவழித் திறன்' என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. 'திறன்' வேறு சேர்ந்து, ஒரு ஆளுக்குள் இருக்கும் சக்தி போலக் காட்டுகிறது.

நான் எழுதுவது 'மரபணு வேறுபாட்டு விகிதம்'. அப்போது முதல் வரி இப்படி மாறும்: 'ஆய்வு செய்த மக்களிடையே, அவர்கள் வாழும் சூழலில், நுண்ணறிவில் ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தின் மரபணு வேறுபாட்டு விகிதம் 50 சதவீதம்.' நீளம்தான். ஆனால் இதைப் படிக்கும் யாரும் தன் மூளையைப் பாதியாகக் கூறு போட்டுப் பார்க்க மாட்டார்கள்.