ஸ்பை கதைக்குத் தமிழில் என்ன பெயர்?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஏதாவது ஒரு நூலகத்தில் போய் ‘ஸ்பை கதை’ இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். துப்பறியும் நாவல் அடுக்கியிருக்கும் அலமாரிப் பக்கம் கையைக் காட்டுவார்கள். கேட்கிற பையனும் அதிலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டு போவான். உள்ளே ஒரு கொலை இருக்கும், சந்தேகப்பட நாலு பேர் இருப்பார்கள், கடைசி அத்தியாயத்தில் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்து விளக்கம் சொல்ல ஒருவர் இருப்பார். உளவாளி மட்டும் இருக்கமாட்டார். நூலகரைக் குறை சொல்லி என்ன செய்வது? இரண்டு வேறு சரக்குக்கு ஒரே பெயரை ஒட்டிப் புழங்கிவிட்டோம்.

துப்பு என்றால் தடயம். நடந்து முடிந்த குற்றத்தின் பின்னால் போகிறவர் துப்பறிவாளர். உளவாளியின் வேலை பெரும்பாலும் நடக்கப்போவதைப் பற்றியது: எதிரி எப்போது கிளம்புகிறான், எந்த வழியாக வருகிறான், எத்தனை பேர். துப்பறிவாளர் வாசலில் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளலாம். உளவாளிக்குச் சொந்தப் பெயரே ஆபத்து. முதல் வகைக் கதையைப் படிக்கும்போது ‘யார் செய்தது?’ என்று கேட்டுக்கொண்டு போகிறோம். இரண்டாவது வகையில் ‘ஐயோ, மாட்டிக்கொள்வானோ?’ என்றுதான் மனம் அடித்துக்கொள்ளும்.

இதற்கு முந்தைய தலைமுறை ‘சிஐடி கதை’ என்றது. சிஐடி என்பது போலீஸில் குற்றப் புலனாய்வுப் பிரிவு. ஆக அதுவும் துப்பறிகிற ஆள்தான். ஆனால் பேச்சில் அந்தச் சொல் நல்ல வாழ்வு வாழ்ந்தது. டீக்கடையில் புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தால், ‘யாருப்பா இவரு, சிஐடியா?’ என்று இன்றும் கேட்பார்கள். அங்கே கேட்பவர் மனதில் இருப்பது உளவாளிதான்.

அப்புறம் ‘ஏஜெண்ட்’. 1972-இல் முத்து காமிக்ஸ் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கிய பிறகு, வெளிநாட்டுப் படக்கதைகளின் தமிழாக்கம் வழியாக ‘ரகசிய ஏஜெண்ட்’ பிள்ளைகள் வாயில் ஏறிக்கொண்டது. படிக்கும்போது ஒரு கிளுகிளுப்பு இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஊருக்குள் ஏஜெண்ட் என்றால் எல்ஐசி ஏஜெண்ட், பால் ஏஜெண்ட், பேப்பர் ஏஜெண்ட். அகராதியைப் பார்த்து ‘இரகசிய முகவர்’ என்று மாற்றினால் இன்னும் மோசம்: பாலிசி போடச் சொல்லி ஒளிந்து ஒளிந்து வருகிற ஆள் போல ஆகிவிடுகிறது.

ஆங்கிலத்தின் ஸ்பை என்ற சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அடிப்பொருள் ‘உற்றுப் பார்த்தல்’. அதே வேரில் கிளைத்த சொல் வடமொழியில் ‘ஸ்பச’; வேதத்தில் வருணனுடைய ஒற்றர்களுக்கு அந்தப் பெயர். பார்ப்பவன், அவ்வளவுதான். தமிழ்ச் சொற்களில் இதைவிடக் கூடுதல் விஷயம் இருக்கிறது.

முதலில் ‘ஒற்று’. பள்ளிக்கூடத்தில் இந்தச் சொல்லைப் பிள்ளைகள் அறிவது ‘ஒற்று மிகும் இடங்கள், மிகா இடங்கள்’ பாடத்தில்தான். அங்கேயே அதன்மேல் ஒரு வெறுப்பும் வந்துவிடுகிறது. ஒற்றுதல் என்றால் ஒன்றின்மேல் படியவைத்து மெல்ல அழுத்துதல். கண்ணீரைத் துணியால் ஒற்றி எடுக்கிறோம். காயத்தைப் பஞ்சால் ஒற்றுகிறோம். தேய்த்தால் வலிக்கும், தடம் தெரியும். ஒற்றினால் ஈரம் மட்டும் துணிக்கு வந்துவிடும். மறைவாகச் செய்தி அறிவதற்கும் பழந்தமிழில் இதே வினைதான். அந்த வேலையும் ஒற்று, அதைச் செய்பவரும் ஒற்று.

திருக்குறளில் 59-ஆவது அதிகாரம் ‘ஒற்றாடல்’. தூதுக்குத் தனியாக 69-ஆவது அதிகாரம் இருக்கிறது. இரண்டையும் வள்ளுவர் கலக்கவில்லை. தூது யார் என்பதற்கு நம்ம ஊரிலேயே ஆள் உண்டு: தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் போன ஔவையார். தகடூர்தான் இன்றைய தருமபுரி. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்ட, இங்கே வேல்கள் எண்ணெய் பூசி மாலை சூடி அழகாக இருக்கின்றன, அங்கே எங்கள் அரசன் வேல்களோ சண்டையில் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று அவர் சொன்னது புறநானூறு 95. எதிரியின் ஆயுதக் கிடங்கைக் கண்ணாரப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். ஒற்றன் உயிரைப் பணயம் வைத்துப் பார்க்கவேண்டியதை அவருக்கு விருந்தோம்பிக் காட்டியிருக்கிறார்கள். பெயரும் ஊரும் சொல்லி வாசல் வழியாகப் போனதால் அது தூது.

பெயர் மாறிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு அதே புறநானூற்றில் 47-ஆவது பாட்டு. சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் போன இளந்தத்தன் என்ற புலவரை, ‘ஒற்று வந்தான்’ என்று சொல்லி அங்கிருந்த அவன் பகைவன் நெடுங்கிள்ளி கொல்லப் பார்த்தான். கோவூர் கிழார் குறுக்கே புகுந்து, பழமரம் தேடும் பறவை போல வள்ளல்களைத் தேடி அலைகிற பிழைப்பு இது, யாருக்கும் தீங்கு நினைக்காதது என்று பாடி மீட்டார். இளையோர் உளவு நாவலுக்கு இதைவிட நல்ல முதல் அத்தியாயம் எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்தது ‘வேய்’. மாடு கவரப் போகும் வெட்சித் திணையின் துறைகளைச் சொல்லும்போது தொல்காப்பியம் ‘புடைகெட ஒற்றின் ஆகிய வேயே’ என்கிறது. பகைவர் பக்கத்தை ஒற்றி அறிந்து வந்த செய்திதான் வேய். இன்றைக்கு நாம் சொல்லும் ‘வேவு பார்த்தல்’ இதன் வழி வந்தது. ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் இருப்பவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சுவை உண்டு. தெலுங்கில் உளவுக்கு ‘வேகு’. கன்னடத்தில் ‘பேஹு’, அந்த வேலை செய்பவர் ‘பேஹுகார’. தமிழ் வேர் கன்னடத்தில் பேரு ஆவதுபோல வகரம் பகரமாகியிருக்கிறது. மூன்று மொழியும் ஒரே தெருவில் பேசுகிற ஊரில் மூன்று வீட்டுக்கும் பொதுவான சொல் இது.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும், சண்டையில் இறந்த வீரர்களுக்கு நட்ட நடுகற்கள் ஏராளம். ‘தொறு’ என்றால் மாட்டு மந்தை, ‘பட்டான்’ என்றால் இறந்தான். தொறுக் கொண்டபோது பட்டான், தொறு மீட்டுப் பட்டான் என்று கல்வெட்டில் இருக்கும். தருமபுரி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் கற்களில் வில்லும் வாளுமாக நிற்கிறவர்கள் கவர்ந்தவர்களோ மீட்டவர்களோதான். முந்தின இரவு போய், மந்தை எங்கே அடைந்திருக்கிறது, காவல் எத்தனை பேர் என்று வேய் பார்த்து வந்தவனை அங்கே தேடாதீர்கள். ஏன் என்பதற்கு வள்ளுவரிடம் ஒரு காரணம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

‘உளவு’ இன்று எல்லாருக்கும் தெரிந்த சொல். ‘உளவில்லாமல் களவில்லை’ என்பது பழமொழி. உளவுத்துறை, உளவு விமானம், உளவாளி என்று செய்தித்தாள் முழுக்க நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது.

நாலாவது சொல்தான் வேடிக்கையானது: ‘சாரணர்’. வடமொழியில் திரிபவர், ஒற்றர் என்ற பொருள் கொண்ட சொல். இராமாயணத்தில் இராவணன் அனுப்பி, குரங்கு வடிவத்தில் வந்து மாட்டிக்கொள்ளும் ஒற்றர் இருவரில் ஒருவன் பெயரே சாரணன். கம்பராமாயணத்தில் அந்தப் பகுதிக்கு ஒற்றுக் கேள்விப் படலம் என்று பெயர். இப்போது கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டி, கொடியேற்ற வரிசையில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் சாரணர் என்று பெயர் வைத்திருக்கிறோம். பொருத்தம்தான். அந்த இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் உளவு வேலை செய்தவர். பட்டாம்பூச்சி சேகரிப்பவர் போல நடித்து, சிறகின் கோடுகளுக்குள் கோட்டையின் வரைபடத்தை ஒளித்து வரைந்ததை 1915-இல் வந்த நூலில் அவரே எழுதியிருக்கிறார். தட்டில் பல பொருள்களை வைத்து, கொஞ்ச நேரம் காட்டி, மூடிவிட்டு, என்னென்ன இருந்தன என்று கேட்கும் சாரணர் விளையாட்டு 1901-இல் கிப்ளிங் எழுதிய ‘கிம்’ நாவலிலிருந்து எடுத்தது. லாகூர் தெருவில் வளர்ந்த பையன் உளவு வேலைக்குப் பழகும் கதை அது. இளையோர் உளவு நாவல் என்று இன்று சொல்கிற வகைக்கு முன்னோடி அதுதான் என்பேன். அதன் ஆட்சியாளர் பார்வை எனக்கு ஒத்துவராது. ஆனால் பையன் ஏன் நல்ல ஒற்றன் என்பதை அதை எழுதியவர் புரிந்துவைத்திருந்தார்.

வள்ளுவரும்தான். ‘கடாஅ உருவொடு கண்ணஞ்சாது யாண்டும் உகாஅமை வல்லதே ஒற்று’ (585). கடாஅ உரு என்பதற்கு உரையாசிரியர் பரிமேலழகர் வழிப் பொருள்: பார்த்தவர் சந்தேகப்பட்டு ‘நீ யார்?’ என்று வினவாத தோற்றம். அடுத்த குறளில் துறவி வேடம் வருகிறது. அந்தக் காலத்தில் யாரும் நிறுத்திக் கேள்வி கேட்காத ஆள் துறவி. இந்தக் காலத்தில்? கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் புத்தகப் பையோடு நிற்கும் பதின்மூன்று வயதுப் பெண்ணை யார் நிறுத்திக் கேட்கப்போகிறார்கள்? மிஞ்சிப்போனால் ‘பஸ் பாஸ் இருக்காம்மா?’ என்பார் நடத்துநர். பிள்ளைகள்தான் இன்றைய கடாஅ உரு. இந்த வகை நாவல் நிற்பதும் விழுவதும் இந்த ஒரு இடத்தில்தான்.

ராபர்ட் முச்சமோர் 2004-இல் தொடங்கிய செரப் (CHERUB) நாவல் வரிசையின் அடித்தளமே இது: பெரியவர்கள் பிள்ளைகளைச் சந்தேகிப்பதில்லை, ஆகவே பிள்ளைகளையே அனுப்புகிறார்கள். ஆண்டனி ஹொரோவிட்ஸ் 2000-இல் எழுதிய முதல் அலெக்ஸ் ரைடர் நாவலில் 14 வயது நாயகனுக்குக் கொடுக்கும் கருவிகள் யோ யோ, முகப்பருக் களிம்பு, கைக்கு அடக்கமான வீடியோ கேம். பையன் சட்டைப்பையில் இருந்தால் யாரும் வியக்காத சாமான்கள். அதுவரை சரி. இந்த வகையில் மற்றவர்கள் எழுதிய பலவற்றில் போகப்போக வெடிப்பும் துரத்தலும் கூடி, வில்லன்களுக்கெல்லாம் பையன் முகம் மனப்பாடம் ஆகிவிடுகிறது. அதற்கு மேல் அவன் உளவாளி இல்லை, குட்டி சினிமா ஹீரோ. கடைசியில் மேடையேற்றிப் பதக்கம் போடும் நாவலை நான் அங்கேயே மூடிவிடுவேன். ‘சிறப்பறிய ஒற்றின்கண் செய்யற்க’ என்பது குறள் 590. ஊரறிய ஒற்றனுக்குச் சிறப்புச் செய்தால் அரசன் தன் இரகசியத்தைத் தானே வெளியே விட்டவன் ஆவான். வேய் பார்த்தவனுக்கு நடுகல் இல்லாத கணக்கும் இதோடு பொருந்துகிறது.

சரி, எந்தச் சொல்லை எங்கே வைப்பது? கதை வகைக்கு ‘உளவுக் கதை’, ‘உளவு நாவல்’. ஆளுக்கு ‘உளவாளி’. அரசர் காலத்துக் கதை என்றால் ‘ஒற்றர்’. சேரனின் தலைநகர் வஞ்சியில் ஓலை அனுப்பவேண்டாம், பறை அறைந்தால் போதும், பகை வேந்தரின் ஒற்றர்களே செய்தியைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று அழும்பில்வேள் சொல்லும் சிலப்பதிகார இடத்தில் உளவாளி என்று போட்டுப் பாருங்கள், ஒட்டாது. வினைக்கு ‘வேவு பார்’. நாலும் வழக்கில் இருப்பவை, புதிதாக எதையும் செய்யவேண்டியதில்லை. கூட வருகிற ‘அட்வெஞ்சர்’ என்பதற்கு ‘சாகசம்’ நிலைத்துவிட்டது. வடமொழிச் சட்ட நூல்களில் ஸாஹஸம் என்றால் வன்முறைக் குற்றம், அது வேறு கதை. எனக்கு ‘துணிகரக் கதை’யும் பிடிக்கும், ஆனால் நாளிதழ்கள் ‘துணிகரக் கொள்ளை’ என்று எழுதி எழுதி அந்தச் சொல்லைத் திருடர்களுக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டன.

தமிழில் புதிதாக எழுதுகிறவர்களுக்கு இங்கேயே களம் கிடக்கிறது. மூன்றாம் மைசூர்ப் போரில் கும்பினிப் படைக்கு (கிழக்கிந்தியக் கம்பெனியைத்தான் அப்படிச் சொன்னார்கள்) உளவுச் செய்தி திரட்டியவர் அலெக்சாண்டர் ரீட். 1791 நவம்பரில் கும்பினிப் படை கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கி, மேல்கோட்டையைப் பிடிக்கமுடியாமல் திரும்பியது. 1792-இல் பாராமகால் எனப்பட்ட இந்தப் பகுதி கும்பினியிடம் கைமாறியதும் அந்த ரீட்தான் இங்கே கலெக்டர். நேற்றுவரை ஒற்றர்களை அனுப்பிக்கொண்டிருந்தவர் இன்று வயல் வயலாக அளக்கிறார். அந்த மலையடிவாரத்தில் ஆடு மேய்த்த ஒரு பிள்ளையின் கண்ணில் இதெல்லாம் எப்படித் தெரிந்திருக்கும்?

அப்படி எழுதும்போது ‘கோட் வேர்ட்’ என்று போடவேண்டாம். ‘குழூஉக்குறி’ இருக்கிறது, ஒரு குழுவுக்குள் மட்டும் புரியும் சொல் என்று இலக்கணம் எப்போதோ பெயர் வைத்துவிட்டது. சொல்லே வேண்டாம் என்றால் நம் பக்கத்து மாட்டுச் சந்தைக்குப் போகலாம். தோள் துண்டைக் கைமேல் போட்டு, அடியில் விரல்களைப் பிடித்தே தரகர்கள் விலை பேசி முடிக்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் மாட்டுக்காரருக்கே தொகை தெரியாது.