போட்டோஷாப் மட்டும்தான் போட்டேன் என்று சொல்லாதீர்கள்

இந்த ஞாயிறும் ஒரு லேப்டாப் வந்து சேர்ந்தது. டெஸ்க்டாப்பில் இருந்த எல்லாப் போட்டோவும் வெள்ளைக் காகித ஐகானாக மாறியிருக்கிறது. ஒவ்வொரு ஃபைல் பெயரின் வாலிலும் அர்த்தமில்லாத நான்கு எழுத்து. ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'ரீட்மீ' என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல். அதைத் திறந்தால் 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி விலை 490 என்கிறது. கடைசியாக என்ன இன்ஸ்டால் செய்தீர்கள் என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: "ஒண்ணும் போடலைங்க சார், போட்டோஷாப் மட்டும்தான். யூடியூப்ல பார்த்துப் போட்டேன்."

இது வாரம் ஒருமுறை, இரண்டு மணி நேரம் நடக்கும் இலவச வகுப்பு. வீட்டுக் கம்ப்யூட்டரில் உருப்படியாகவும் ஜாலியாகவும் என்னென்ன செய்யலாம் என்று காட்டுவதுதான் வேலை. காசு கட்டாமல், சட்டப்படி, பயமில்லாமல் பயன்படுத்தக்கூடிய மென்பொருள் கைவசம் எக்கச்சக்கமாக இருக்கிறது. ஆனால் முதல் அரை மணி நேரம் வாராவாரம் யாரோ ஒருவரின் கிராக்கை, அதாவது லைசன்ஸ் பூட்டை உடைத்த திருட்டு மென்பொருளைத் துடைப்பதிலேயே போய்விடுகிறது. ஆகவே ஒருமுறை எழுதியே வைத்துவிடுவோம்.

எல்லோரும் சொல்லும், கேட்டதும் எரிச்சல் வரும் அந்த வசனத்திலிருந்து தொடங்கலாம்: "கிராக்னா ஆன்டிவைரஸ் கத்தத்தான் செய்யும். கம்பெனிக்காரன் சேர்ந்து பண்ற வேலை. அதை ஆஃப் பண்ணிட்டுத்தான் போடணும்."

இதில் கால்வாசி உண்மை இருக்கிறது. லைசன்ஸ் இருப்பதாக ஏமாற்றும் ஆக்டிவேட்டர், போலி லைசன்ஸ் எண் உருவாக்கும் கீஜென் போன்றவற்றை விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் 'ஹேக்டூல்' என்று தனி வகையாகவே பிடிக்கும். அந்த ஃபைலுக்குள் திருட்டுச் சரக்கு எதுவும் இல்லாவிட்டாலும் பிடிக்கும். அந்தக் கால்வாசி உண்மைதான் உங்களைக் கவிழ்க்கிறது. கத்தினால் கண்டுகொள்ளக் கூடாது என்று ஊரே பழகிவிட்டது. இந்தப் பழக்கம் வைரஸ் எழுதுகிறவனுக்கும் தெரியும். கதவில் யார் நின்றாலும் காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிடும் ஒரு கூட்டத்தைத் தேடித்தான் அவன் கிராக் விற்கும் இடத்துக்கே வருகிறான். சாதாரண மெயிலில் அனுப்பினால், டிஃபெண்டரை அணைத்து, 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறங்கள் என்று அவன் கேட்க முடியுமா? இங்கே அதைத்தான் வீடியோவில் அம்பு போட்டுக் காட்டுகிறான். நீங்களும் வரிசை பிசகாமல் செய்கிறீர்கள்.

அந்த ஃபைலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். டவுன்லோட் செய்த ரார் ஃபைல் 10 எம்பிதான் இருக்கும். கூடவே '1234' என்றோ நடப்பு ஆண்டோ ஒரு பாஸ்வேர்டு. ஃபைலில் ரகசியம் இருப்பதால் பாஸ்வேர்டு போடவில்லை. பூட்டியிருந்தால் பிரவுசரும் கூகுள் டிரைவும் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது, அதற்காகத்தான். பிரித்ததும் செட்டப் ஃபைல் 700 எம்பியைத் தாண்டி ஊதும். உள்ளே பெரும்பகுதி வெறும் பூஜ்யங்கள். ஃபைலில் வைரஸ் உண்டா என்று சோதித்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் தளம் 650 எம்பிக்கு மேல் ஏற்றுக்கொள்ளாது என்பதுதான் இந்த ஊதலின் காரணம். 10 எம்பி ராருக்குள் 700 எம்பி செட்டப் என்றால் வேறு சோதனையே வேண்டாம், அழித்துவிடலாம்.

வகுப்புக்கு வரும் லேப்டாப்புகளில் அதிகம் பார்ப்பது 'ஸ்டாப்–டிஜேவியூ' குடும்பத்து ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ். வீட்டுக் கம்ப்யூட்டர்களைக் குறிவைத்து, பெரும்பாலும் கிராக் வழியாகவே பரவுவது. பல சமயம் போலி விண்டோஸ் அப்டேட் திரையைக் காட்டிக்கொண்டே பின்னால் பூட்டும். பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரீஸ்டோர் பாயின்ட்டுகளை அழித்துவிடும். பூட்டுவதற்கு முன்பே பாஸ்வேர்டு திருடும் இன்னொரு புரோகிராமையும் இறக்கிவிடுவது உண்டு. அது குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகளோடு, நீங்கள் லாகின் ஆகியிருப்பதைத் தளங்களுக்கு நினைவூட்டும் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போகும். குக்கீ போனால் ஓடிபி கேட்காமலேயே உங்கள் ஜிமெயிலுக்குள் நுழைய வழி இருக்கிறது. "என் கம்ப்யூட்டர்ல திருட என்ன சார் இருக்கு?" என்று கேட்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்க எனக்குத் தெம்பில்லை.

சரி, உங்களுக்கு போட்டோஷாப் எதற்கு? பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்பார்கள். அதற்கு கிம்ப் போதும், இலவசம். 35 × 45 மில்லிமீட்டர் படம் 300 பிபிஐயில் 413 × 531 பிக்சல். கிராப் டூலில் 'ஃபிக்ஸ்டு – ஆஸ்பெக்ட் ரேஷியோ' என்பதை டிக் செய்து 35:45 என்று அடித்து வெட்டுங்கள். 'இமேஜ் – ஸ்கேல் இமேஜ்' போய் 413 × 531, ரெசல்யூஷன் 300. பிறகு 'கேன்வாஸ் சைஸ்' போய், சங்கிலியைக் கழற்றிவிட்டு 443 × 561 கொடுத்து 'சென்டர்' அழுத்துங்கள். பேக்ரவுண்டு நிறம் வெள்ளையாக இருக்கும்போது 'ஃபிளாட்டன்' செய்தால் சுற்றிலும் 15 பிக்சல் வெள்ளை ஓரம் வந்துவிடும். கடைசியாக 'ஃபில்டர்ஸ் – மேப் – டைல்'. அங்கும் சங்கிலியைக் கழற்றி 1772 × 1122 என்று கொடுங்கள். நாலுக்கு ரெண்டு என எட்டுப் படம் அடுக்கி வந்துவிடும். 4 × 6 இஞ்ச் போட்டோ பேப்பரில் 100 சதவீத அளவில் பிரின்ட் எடுங்கள். 'ஃபிட் டு பேஜ்' வைத்தால் அளவு மாறிவிடும், விண்ணப்பம் திரும்பி வரும். அப்போது கிம்ப்பைத் திட்டக் கூடாது.

அடுத்தது ஆபிஸ். லிப்ரேஆபிஸ் போடுங்கள். "அதுல அடிச்சது ஆபிஸ்ல ஓப்பன் ஆகல" என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம், சேமித்த வடிவம். 'டூல்ஸ் – ஆப்ஷன்ஸ் – லோட்/சேவ் – ஜெனரல்' போங்கள். கீழே 'ஆல்வேஸ் சேவ் ஆஸ்' என்ற இடத்தில் வேர்டு வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். டாக்குமென்ட் டைப்பை ஸ்பிரெட்ஷீட்டுக்கு மாற்றி எக்செலுக்கும் தனியாக ஒருமுறை செய்ய வேண்டும். இந்த இரண்டாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மெனு பழைய மாதிரி இருக்கிறது என்றால் 'வியூ – யூசர் இன்டர்ஃபேஸ் – டேப்டு'. அப்படியும் மைக்ரோசாஃப்ட் ஆபிஸ்தான் வேண்டும் என்றால், மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்து பிரவுசரிலேயே வேர்டும் எக்செலும் இலவசமாகத் திறக்கலாம். கேஎம்எஸ் ஆக்டிவேட்டர் எதற்கு?

பிகாம் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. டேலி பிரைமை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி 'எஜுகேஷனல் மோட்' தேர்ந்தெடுத்தால் லைசன்ஸ் இல்லாமலே பயிற்சி செய்யலாம். 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும்தான் என்ட்ரி போட முடியும். "தேதி ஏற மாட்டேங்குது, அதான் கிராக் போட்டேன்" என்கிறார்கள். தம்பி, பழகுவதற்கு மூன்று தேதி போதாதா?

தமிழ் டைப்பிங்குக்கு எதையும் டவுன்லோட் செய்யவே வேண்டாம். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸில் 'டைம் அண்டு லாங்குவேஜ்' போய்த் தமிழைச் சேர்த்து, அதன் 'லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்' உள்ளே 'தமிழ் 99' கீபோர்டைச் சேருங்கள். விண்டோஸ் கீயும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. ஒரு வாரம் பழகினால் கை தானாக ஓடும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பிவிட்டு "அவருக்கு எழுத்து எழுத்தா தெரியுதாம்" என்று வருபவர்கள் பிரஸ்ஸில் வேலை பார்ப்பவர்களாக இருந்தால் மன்னிக்கலாம். அவர்கள் பேஜ்மேக்கர் என்ற பழைய அச்சு மென்பொருளோடு கட்டிப்போடப்பட்டவர்கள். மற்றவர்களுக்கு எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரேபோல் தெரியும் யூனிகோடை விட்டால் வேறு வழியில்லை.

குழந்தைகளுக்குப் படம் வரைய டக்ஸ் பெயின்ட், விளையாடிக்கொண்டே படிக்க ஜிகாம்ப்ரி. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குப் புரோகிராம் எழுதிப் பழக ஸ்கிராட்ச். வீட்டில் பாட்டு, பேச்சு பதிவு செய்கிறவர்களுக்கு ஆடாசிட்டி. பேசாமல் இருக்கும் இரண்டு விநாடியைத் தேர்ந்தெடுத்து 'நாய்ஸ் புரொஃபைல்' எடுத்துக்கொண்டு, பிறகு முழுவதையும் தேர்ந்தெடுத்து 'நாய்ஸ் ரிடக்ஷன்' கொடுத்தால் ஃபேன் சத்தம் போய்விடும். 12 டெசிபலுக்கு மேல் போகாதீர்கள், குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். நட்சத்திர வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியத்தில் உங்கள் ஊரைக் கொடுத்து இரவு எட்டு மணி வானத்தைப் பார்த்துவிட்டு மொட்டை மாடிக்குப் போங்கள். வகுப்பில் சின்னப் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் அதை விட்டு எழ மாட்டேன் என்கிறார்கள்.

இலவச மென்பொருளிலும் அடிபட ஒரு வழி இருக்கிறது: கூகுளில் பெயரைத் தேடி, முதலில் வரும் 'ஸ்பான்சர்டு' விளம்பரத்தைச் சொடுக்குவது. விஎல்சி வீடியோலேன் தளத்திலும், லிப்ரேஆபிஸும் கிம்ப்பும் தத்தம் பெயருக்குப் பின்னால் 'டாட் ஓஆர்ஜி' என்றுள்ள தளத்திலும் மட்டும்தான் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய பச்சை 'டவுன்லோட்' பட்டன் உள்ள மூன்றாம் தளங்கள் வேண்டாம். 2015-ல் சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற பெரிய தளமே கிம்ப்பின் விண்டோஸ் பக்கத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, இன்ஸ்டாலரில் விளம்பரச் சரக்கைச் சேர்த்துக் கொடுத்தது. பின்னால் அந்தத் தளம் கை மாறி அப்பழக்கமும் நின்றது. பெயர் பெற்ற இடத்திலும் இது நடந்தது என்பதற்காகச் சொல்கிறேன். சந்தேகமாக இருந்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் தேடுங்கள். கிம்ப், விஎல்சி, இங்க்ஸ்கேப் எல்லாம் அங்கேயே உண்டு. படம் வரையும் கிரிட்டா மட்டும் ஸ்டோரில் காசுக்கு இருக்கும். அது ஏமாற்றில்லை, அவர்களுக்கு நன்கொடை போல. அவர்கள் தளத்தில் அதே சரக்கு இலவசம்.

இப்போது புதிதாக ஒன்று சுற்றுகிறது. 'நான் ரோபோ இல்லை' என்று நிரூபிக்க விண்டோஸ் கீயும் ஆர் எழுத்தும் அழுத்தி, கன்ட்ரோல்–வி போட்டு, என்டர் தட்டு என்று ஒரு பக்கம் சொல்லும். உலகத்தில் எந்தத் தளமும் அப்படிக் கேட்காது. நீங்கள் ஒட்டுவது ஒரு கட்டளை. என்டர் தட்டினால் நீங்களே வைரஸை ஓடவிட்டதாக அர்த்தம்.

சர்வீஸ் கொடுப்பவர்களிடமும் ஒரு கேள்வி கேளுங்கள். விண்டோஸோடு வாங்கிய லேப்டாப்பில், விண்டோஸ் 8 காலத்திலிருந்தே, லைசன்ஸ் கீ மதர்போர்டிலேயே இருக்கிறது. அதே பதிப்பை ஃபார்மட் செய்து மறுபடி போட்டால் நெட் இணைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். அப்படியிருக்க எதற்கு ஆக்டிவேட்டர் போட்டார்கள்? "ஹோம் இருந்தது, புரோ போட்டுக் கொடுத்தேன்" என்பார்கள். வீட்டில் புரோ வைத்து என்ன செய்யப்போகிறோம்? பழைய மெஷினாக, விண்டோஸ் 11 ஏறாததாக இருந்தால், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது என்பதை நினைவில் வைத்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். 4 ஜிபி ரேம் இருந்தால் வீட்டு வேலைக்குத் தாராளம். பழைய அரசு லேப்டாப் வைத்திருப்பவர்கள் 2 ஜிபியிலும் தள்ளலாம், பிரவுசரில் டேப் மட்டும் அதிகம் திறக்கக் கூடாது.

ஏற்கெனவே பூட்டப்பட்டுவிட்டதா? நெட்டைத் துண்டியுங்கள். பேக்கப் டிஸ்க்கை, தயவுசெய்து, அந்த நேரத்தில் செருகாதீர்கள். இந்த வகை ரான்சம்வேர் சில நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி ஓடும்படி டாஸ்க் போட்டு வைத்திருக்கும், புதிதாகச் செருகியதையும் பூட்டிவிடும். பணம் கட்டாதீர்கள். பதற்றத்தில் உடனே ஃபார்மட்டும் போடாதீர்கள். லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து, பூட்டிய ஃபைல்களையும் அந்த ரீட்மீ ஃபைலையும் தனி டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள். ரீட்மீயின் அடியில் உள்ள 'பெர்சனல் ஐடி' 't1' என்று முடிந்தால் அது ஆஃப்லைன் கீ, அதாவது பலருக்கும் பொதுவான சாவி. எம்சிசாஃப்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் 2019-ல் வெளியிட்ட இலவச டிக்ரிப்டரால் இன்றோ என்றோ திறக்க வாய்ப்புண்டு. வேறு மாதிரி முடிந்தால் பெரும்பாலும் கதை முடிந்தது. ஒரு ஆறுதல் மட்டும் உண்டு: ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவைத்தான் இது பூட்டுகிறது. ஆகவே பெரிய வீடியோ, எம்பி3, ஜிப் ஆகியவை ஓரளவு மீளும். 40 கேபி வேர்டு ஃபைல் முழுவதும் போய்விட்டது. கூகுள் டிரைவோடு சிங்க் ஆகியிருந்தால் பூட்டிய ஃபைலே மேலேயும் போயிருக்கும். ஆனால் பழைய வெர்ஷன் 30 நாள் வரை இருக்கும், பிரவுசரில் போய் 'வெர்ஷன்ஸ்' என்ற இடத்தில் பாருங்கள்.

எல்லா பாஸ்வேர்டையும் வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மாற்றி, கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பக்கத்தில் மற்ற எல்லா டிவைஸ்களிலிருந்தும் சைன் அவுட் செய்யுங்கள். வங்கிக் கணக்கில் கை வைத்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்றால் பணம் நாலு கணக்கு தாண்டிப் போயிருக்கும்.

பேக்கப் பற்றி நீட்டப் போவதில்லை. ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க், மாதம் ஒருமுறை நகல், எடுத்ததும் கழற்றி அலமாரியில். செருகியே வைத்திருக்கும் டிஸ்க் பேக்கப் கணக்கில் சேராது.

அடுத்த ஞாயிறிலிருந்து, ஆக்டிவேட்டர் இருக்கும் லேப்டாப்பை வகுப்பின் வைஃபையில் சேர்ப்பதில்லை. திட்டுவதற்காக இல்லை, பக்கத்தில் இருபது பேர் மெஷின் இருக்கிறது. துடைக்க உதவி வேண்டும் என்றால் அரை மணி நேரம் முன்னதாக வாருங்கள். சார்ஜரும், காலியான 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றும் கையோடு இருக்கட்டும்.