பாலே பழகும் பிள்ளைக்கு முழங்கால் ஏன் நோகிறது?

நான் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்). பரந்தன் பக்கமிருந்து 14 வயதுப் பிள்ளை ஒருத்தி தாயோடு என்னிடம் வந்தாள். முழங்காலின் உட்பக்கம் நோ. விழவுமில்லை, அடிபடவுமில்லை. "யூடியூப்பைப் பாத்து பாலே பழகிறா. பின்னேரம் முழுக்க யன்னல் கம்பியைப் பிடிச்சபடிதான் நிக்கிறா" என்றார் தாய். பாலே என்பது கால்களை வெளிப்புறம் திருப்பி ஆடும் மேற்கத்திய நடனம்.

நின்று காட்டச் சொன்னேன். குதிகள் ஒட்டியிருந்தன, பாதங்கள் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில். பார்க்க வடிவுதான். ஆனால் முழங்கால் சில்லுகள் முன்னுக்குப் பார்த்தன; உள்ளங்கால் வளைவு நிலத்தில் படிந்துபோயிருந்தது. எப்படி அந்த நிலைக்கு வந்தாய் என்று கேட்டேன். முழங்காலை மடித்துப் பாதங்களை விரித்து வைத்துவிட்டு, அப்படியே நிமிர்ந்து காட்டினாள். நிமிர்ந்த முழங்காலில் முறுகுவதற்கு இடமே இல்லை. நோவுக்குக் காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது.

அப்புறம் சொக்ஸ் போட்டுக்கொண்டு ரைல்ஸ் நிலத்தில் நிற்கச் சொன்னேன். பாதங்கள் தாமாகவே வழுக்கி வந்து, இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய 90 பாகையில் நின்றன. அவளுடைய இடுப்பு கொடுப்பது அவ்வளவுதான். மற்ற அரைவாசி, பாதம் வழுக்காத வீட்டுச் சீமெந்து நிலத்திடம் வாங்கிய கடன்; வட்டி கட்டியது முழங்கால்.

பெரும்பாலானவர்களுக்கு ஒரு பக்க இடுப்பு வெளிப்புறம் திரும்புவது 40, 50 பாகை அளவில்தான். பாலே கேட்கும் 180 பாகைக்கு ஒரு காலுக்கு 90 வேண்டும். தொழிலாக ஆடுகிறவர்களுக்கும் அது முழுக்க இடுப்பிலிருந்து வருவதில்லை. மூட்டுக் கிண்ணம் எந்தப் பக்கம் பார்க்கிறது, தொடையெலும்பு எவ்வளவு முறுகியிருக்கிறது என்பவை எலும்பின் அமைப்பு. தவளைபோல் இருத்தி, முழங்காலில் ஏறி மிதிப்பதால் அது மாறாது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மாற்றக்கூடியது பலம். பிட்டத் தசைக்கு அடியில் ஆறு சின்னத் தசைகள் தொடையை வெளியே திருப்புகின்றன. குப்புறப் படுத்து, முழங்கால்களைக் கொஞ்சம் அகட்டி மடித்து, குதிகளை ஒன்றோடொன்று 5 வினாடி அழுத்தினால் அவை வேலை செய்வது தெரியும். இடுப்பு நிலத்தை விட்டு எழும்பக்கூடாது. நிற்கும்போதும் இதே கவனம் வேண்டும்: முதுகை வளைத்துப் பிட்டத்தைப் பின்னே தள்ளினால் பாதம் இன்னும் கொஞ்சம் திரும்பும், ஆனால் அது களவு.

இனி கம்பி. வன்னியில் இயன்மருத்துவர் என்றால் பலருக்கும் நினைவு வருவது செயற்கைக்கால். எங்கள் அறையிலும் இரண்டு சமாந்தரக் கம்பிகள் உண்டு. கால் இழந்தவர்கள் அவற்றுக்கு இடையில்தான் திரும்ப நடை பழகுவார்கள். பிள்ளையை அந்தக் கம்பியோரம் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன். கையை எடுத்ததும் மறுபக்க இடுப்பு கீழே இறங்கியது. நிற்கிற காலின் பக்கவாட்டில் இடுப்பைத் தாங்கவேண்டிய தசைக்குப் பலமில்லை. யன்னல் கம்பிதான் இவ்வளவு நாளும் அவளைத் தாங்கியிருக்கிறது. "பிடிக்காதே, தொடு" என்றேன். பக்கத்தில் செயற்கைக்காலோடு நின்ற ஐயா சிரித்தார். காலையில் அவருக்கும் அதையேதான் சொல்லியிருந்தேன்.

இரண்டு விரல் மட்டும் கம்பியில். ஒற்றைக் காலில் நின்று, எட்டு எண்ணும்வரை விரலையும் எடுக்கவேண்டும். இடுப்பு இறங்கினால் அன்றைக்கு அது போதும். மடியும்போது முழங்கால் இரண்டாவது கால்விரலுக்கு நேரே போகிறதா என்று கண்ணாடியில் பார்க்கலாம். அந்த நேர் வராவிட்டால் பாதங்களின் விரிவைக் குறைக்கவேண்டும்.

"அப்ப அரைமண்டி?" என்று தாய் கேட்டார். பள்ளிக்கூடத்தில் பரதமும் பழகுகிறாளாம்; முழங்கால்களை வெளிப்பக்கம் மடித்துப் பாதி இருக்கும் நிலைதான் அரைமண்டி. சரி, அதற்கும் இதே கணக்குத்தான். எவ்வளவு தாழ்ந்து இருக்கிறாள் என்பதை விட, தொடை எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை ரீச்சர் பார்த்தால் நல்லது.

கவட்டுப் பக்கம் கிள்ளுவதுபோல் நோ, நோவோடு வரும் 'கிளிக்' சத்தம், இரவில் நித்திரையைக் குழப்பும் வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள்.