பிளக் மாற்றிவிட்டீர்கள், தண்ணீரைப் பார்த்தீர்களா?

ஒருவர் தன் படகின் பின்புறம் மாட்டும் பழைய அவுட்போர்டு மோட்டாரைத் தூக்கிவந்து என் மேசையில் கிடத்தினார். இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், வயது இருபதுக்கு மேல். "கார்புரேட்டரை நானே கழற்றிக் கழுவினேன். பிளக் புதிது. முற்றத்தில் முதல் இழுப்பிலேயே ஓடியது" என்றார். எவ்வளவு நேரம் ஓடியது என்று கேட்டேன். "மூன்று நான்கு நிமிடம். அணைக்கவே மனம் வரவில்லை." அப்போது தண்ணீர் எங்கிருந்து போனது என்று கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அந்தச் சில நிமிடங்களில் உள்ளே தண்ணீர் ஏற்றும் இம்பெல்லர் கருகியிருந்தது. மறுநாள் படகில் மாட்டி ஓட்டியபோது பம்ப் தண்ணீரை ஏற்றவில்லை. சூட்டில் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொண்டது. இத்தனைக்கும் கார்புரேட்டரை அவர் என்னைவிடச் சுத்தமாகக் கழுவியிருந்தார்.

மோட்டார் கிளம்பவில்லை என்றால் எல்லோருக்கும் நெருப்புதான் நினைவுக்கு வருகிறது: பிளக், காயில், பெட்ரோல். அதில் தவறில்லை. ஆனால் கிளம்பாத மோட்டார் யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. அரைகுறையாகப் பழுதுபார்த்த மோட்டார் கிளம்பிவிடுவதுதான் ஆபத்து. இந்த மோட்டாருக்கு ரேடியேட்டர் கிடையாது. படகு மிதக்கும் நீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. உறிஞ்சும் வேலையைச் செய்வது நீருக்குள் முங்கும் கீழ்ப்பகுதிக்குள் இருக்கும் ஒரு சிறிய ரப்பர் சக்கரம், அதுதான் இம்பெல்லர். அது வழுக்கிச் சுழல்வதற்கும் அந்த நீர்தான் வேண்டும். நீரின்றிச் சுழன்றால் ரப்பர் உலோகத்தில் உரசிச் சில நொடிகளிலேயே கெடத் தொடங்கும்.

ஆகவே சோதனை ஓட்டத்தை டிரம்மில் செய்யுங்கள். புரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிட்டு, அதற்கு மேலே உள்ள தட்டையான தகடும் முங்கும் அளவுக்கு நீர் நிரப்புங்கள். ஓடத் தொடங்கியதும் பின்புறத் துளையிலிருந்து மெல்லிய நீர்த்தாரை பீய்ச்ச வேண்டும். வரவில்லையா, உடனே அணையுங்கள். முதலில் அந்தத் துளையை மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். உப்பு அடைத்திருக்கும், சும்மா கிடந்த மோட்டாரில் குளவி மண்கூடு கட்டியிருப்பதும் உண்டு. அடைப்பு இல்லை என்றால் இம்பெல்லரைத்தான் பார்க்க வேண்டும். அதன் இதழ்கள் உடையாமல் ஒரே பக்கமாக வளைந்து நின்றுவிட்டிருந்தாலும் மாற்றிவிடுங்கள். இதழ் உடைந்திருந்தால் உடைந்த துண்டைத் தேடி எடுக்காமல் மூடாதீர்கள். அது நீர்ப்பாதையில் எங்கோ அடைத்துக்கொண்டுதான் இருக்கும்.

தண்ணீர் இருக்கக்கூடாத இடம் கியர் பெட்டி. கீழ்த் திருகைக் கழற்றி எண்ணெயை வடித்துப் பாருங்கள். பால் கலந்த தேநீர்போல இருந்தால், தண்ணீரைத் தடுக்கும் சீல் போய்விட்டது என்று பொருள். பெரும்பாலும் புரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றிய தூண்டில் நரம்புதான் சீலை அறுத்திருக்கும். புது எண்ணெயைக் கீழ்த் துளையிலிருந்து மேல்நோக்கி ஏற்றுங்கள். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கிவிடும். மேல் துளையில் எண்ணெய் எட்டிப் பார்த்ததும் முதலில் மேல் திருகை மூடிவிட்டு, பிறகு கீழ்த் திருகுக்கு வாருங்கள்.

இதெல்லாம் யாரும் செய்யக்கூடிய வேலை. வீட்டு வேலை வினையாக மாறுவது போல்ட்டில்தான். அலுமினிய உடம்பில் எஃகு போல்ட், நடுவே பல வருட உப்பு. அலுமினியம் அரித்து இரண்டும் ஒட்டிப்போயிருக்கும். ஸ்பேனரில் குழாயைச் செருகி முழு பலத்தையும் காட்டுகிறவர்கள் தலையில்லாத போல்ட்டோடு என்னிடம் வருகிறார்கள். துருநீக்கும் எண்ணெயை ஊற்றி ஓர் இரவு விடுங்கள். மறுநாள் சற்று இறுக்கிப் பார்த்து, பிறகு தளர்த்துங்கள். கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. அசையவில்லை என்றால் அலுமினியப் பக்கத்தைச் சூடாக்கலாம், ஆனால் பெட்ரோல் டேங்கும் குழாயும் அந்தப் பக்கமே இருக்கக்கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் போய்ப் படுத்திருக்கும். போல்ட்டின் தலை மழுங்கத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மோட்டாரின் கனமான சுழல்சக்கரமான ஃப்ளைவீலை, இழுத்துக் கழற்றும் புல்லர் கருவி இல்லாமல் சுத்தியலால் தட்டிக் கழற்றும் எண்ணமிருந்தால், அதை இப்போதே கைவிடுங்கள்.

செலவு செய்யும் முன் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், எவ்வளவு என்று பாருங்கள். சிலிண்டர்களுக்கிடையே 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கோளாறு சிலிண்டர் பக்கம், கார்புரேட்டர் கிட் வாங்கும் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலில் கலக்கும் எண்ணெயின் அளவுக்கு மோட்டாரின் கையேடுதான் வேதம். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. பைக் எண்ணெய் வேண்டாம். நீர்க்குளிர்ச்சி மோட்டாருக்கான டிசி-டபிள்யூ3 எண்ணெயே வேண்டும். புரொப்பெல்லரைத் தண்டோடு பிணைக்கும் ஷியர் பின் உடைந்தால் ஆணியைச் செருகுகிறவர்களும் உண்டு. பின் என்பது உடைவதற்காகவே வைக்கப்பட்டது. அது உடையவில்லை என்றால் கியர் உடையும்.

புரொப்பெல்லரைத் தொடும் முன் பிளக் ஒயர்களைக் கழற்றிவிடுங்கள். கியரில் இருக்கும் மோட்டாரைக் கையால் சுற்றினாலே அது பற்றிக்கொள்ளலாம். கழற்றியதை மாட்டியதும், டிரம்மில் ஓடும்போதே அவசர நிறுத்தக் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். மோட்டார் நிற்கவில்லை என்றால் வேலை முடியவில்லை.

கடைசியாக, கடலில் விழுந்த மோட்டார். தூக்கி வெளியே எடுத்ததும் வெயிலில் காயவைப்பதுதான் பலரும் செய்வது. உப்புநீர் பட்ட இரும்பு காற்றைக் கண்டதும் துருப்பிடிக்கத் தொடங்குகிறது. ஓரிரு நாள் கழித்துக் கொண்டுவந்தால் பேரிங்குகள் சிவந்திருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்திருந்தால் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்கவே வேண்டாம், உள்ளே பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். மற்றபடி நல்ல நீரில் கழுவி, பிளக்கைக் கழற்றி, கையால் மெதுவாகச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். தடங்கல் இருந்தால் வம்பு செய்யாதீர்கள். தடங்கல் இல்லை என்றால் கார்புரேட்டரையும் டேங்கையும் வடித்து, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, அன்றே ஓட்டிச் சூடாக்கிவிட வேண்டும். சில மணி நேரத்துக்குள் இதைச் செய்ய முடியாது என்றால், மோட்டாரை மறுபடியும் முழுதாக நல்ல தண்ணீர் டிரம்முக்குள் அமிழ்த்தி வையுங்கள். தொலைபேசியில் இதைச் சொன்னால் எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே வராது. பிறகு, "மறுபடியும் தண்ணீரிலா?" என்பார்கள். ஆமாம், மறுபடியும் தண்ணீரில்தான். அப்படியே டிரம்மோடு கொண்டுவாருங்கள்.